சும்மா கொடுத்தால் சட்டம் சும்மா இருக்குமா?

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நம்மவர் கடைகளுக்குள் நுழைந்தால் ஏதேனும் ஓர் உபசரிப்பு இருக்கும். சேலைக் கடையில் முறுக்கும் குளிர்பானமும். நகைக் கடையில் ஒரு குவளை தே. முடிதிருத்தும் கடையில், பல்லாண்டு வாடிக்கையாளர் என்றால், பின்னறை ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு டின் பீர். பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலை ஆனாலும், வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்பது நம் வணிகர்களின் பழக்கம். முன்பெல்லாம் அந்த ஒரு டின் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் மட்டும் தெரிந்த செய்தி. இப்போது புதிதாகக் கடை திறக்கும் இளைஞர் சிலர் அதையே விளம்பரமாக்க நினைக்கிறார்கள். முடி வெட்டிக்கொண்டால் ஒரு பீர் இலவசம். நான்கு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால் ஒரு பெரிய போத்தல் இலவசம்.

இதற்கு லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்டால், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "விற்கவில்லையே, சும்மாதானே கொடுக்கிறோம்!"

இந்தப் பதில் சரியா, தவறா என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். வள்ளுவப் பெருந்தகை ‘கள்ளுண்ணாமை’ என்று ஓர் அதிகாரமே பாடிவிட்ட பிறகு, மதுவின் தீமையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குடிக்கலாமா கூடாதா என்பது வேறு கட்டுரை. இங்கு நம் கவலை கடைக்காரரைப் பற்றியது. நான் படிப்பதும் சட்டமன்று, வணிக நிர்வாகம். வணிகச் சட்டம் என்றொரு பாடத்தை எடுத்த காரணத்தால், கிள்ளானில் முடிதிருத்தும் கடை திறக்கத் தெக்குன் கடனுக்கு விண்ணப்பித்திருக்கும் என் அத்தை மகன் இந்தக் கேள்வியை என் தலையில் கட்டிவிட்டான். பாடநூலில் ஒரு வரியில் இதற்கு விடை இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு வரியில் இல்லை.

எந்தச் சட்டம், யார் கையில்?

மலேசியாவில் மதுபான விற்பனையை ஆளும் முதன்மைச் சட்டம் 1976-ஆம் ஆண்டின் கலால் சட்டம். மதுவை உற்பத்தி செய்வதற்கும், அதற்கு வரி விதிப்பதற்கும், சில்லறையாகவோ மொத்தமாகவோ விற்பதற்கு உரிமம் வழங்குவதற்கும் இதுவே அடிப்படை. உரிமங்களும் ஒரே வகையல்ல. மதுக்கூடத்திற்கு ஒன்று, பீர்க்கூடத்திற்கு ஒன்று, போத்தலாக வாங்கிச் செல்லும் சில்லறைக் கடைக்கு ஒன்று, மொத்த வணிகருக்கு ஒன்று. கள்ளுக்குத் தனி.

வரியை வாங்குவது அரச மலேசிய சுங்கத் துறை. ஆனால் எந்தக் கடைக்கு உரிமம் கொடுப்பது, எந்தக் கடைக்கு மறுப்பது என்று முடிவு செய்வது உரிம வாரியம். கோலாலம்பூரில் அதன் அலுவல்களைக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் கவனிக்கிறது. சிலாங்கூரில் மாவட்ட அலுவலகத்தின் வழியாக நடக்கிறது. ஆகவே பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரரும் கிள்ளான் கடைக்காரரும் ஒரே சட்டத்தின் கீழ் இருந்தாலும் தட்ட வேண்டிய கதவுகள் வேறு. இதற்கு மேல் ஊராட்சி மன்றம் கொடுக்கும் வணிக உரிமம் ஒன்று உண்டு. கிள்ளானில் அதை வழங்குவது 2024 பிப்ரவரியில் மாநகர்த் தகுதி பெற்ற கிள்ளான் அரச மாநகர் மன்றம். அந்த உரிமத்தில் ‘முடிதிருத்தும் நிலையம்’ என்று எழுதியிருந்தால், கடைக்குள் நடக்க வேண்டியது முடிதிருத்தும் வேலை. இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். மது உரிமம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தில் வென்றாலும், வணிக உரிமத்தின் நிபந்தனையை மீறினால் கம்பவுண்ட் வரலாம், கடையின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது சிக்கலும் வரலாம்.

பீருக்கு மட்டும் ஒரு தனி வரலாறு இருக்கிறது. காப்பிக் கடைகளும் சீன உணவகங்களும் நெடுங்காலமாகத் தனி மது உரிமம் இன்றியே பீர் விற்று வந்தன. 2017-இல் அவையும் உரிமம் எடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது காப்பிக் கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அரசு பின்வாங்கியது. இதைப் பார்த்துவிட்டு ‘பீருக்கு எப்போதும் லைசென்ஸ் வேண்டாம்’ என்று முடிவு கட்டுவோர் இருக்கிறார்கள். அந்தச் சலுகையைச் சாப்பாட்டுக் கடையைப் பற்றிய பேச்சாகவே பார்க்க வேண்டும். முடிதிருத்தும் கடைக்கும் தையல் கடைக்கும் அது தானாக வந்து சேரும் என்று எண்ணிக்கொள்வது ஆபத்து. தவிரவும் இந்த விதிகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2020 நவம்பரில் புதிய வழிகாட்டிகளை அறிவித்தது. அதன்படி மளிகைக் கடைகளும் பல்பொருள் கடைகளும் சீன மருந்துக் கடைகளும் 2021 முதல் விஸ்கி, பிராந்தி போன்ற கடும் மதுவை விற்கக் கூடாது என்றாயிற்று. பீர் விற்கலாம், ஆனால் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை மட்டுமே. மருந்துக் கலப்புள்ள பாரம்பரிய மதுவுக்குச் சீன மருந்துக் கடைகளுக்கு விலக்கு தரப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன் அப்பா செய்ததை இன்று மகன் அப்படியே செய்ய முடியாது.

விற்பது என்றால் என்ன?

உரிமத்தைப் பற்றிய சட்டத்தின் பேச்சு முழுவதும் ‘விற்பனை’ என்ற சொல்லைச் சுற்றியே நிற்கிறது. எனவே ‘சும்மா’ என்ற வாதம் எடுத்த எடுப்பில் முட்டாள்தனமானதன்று. 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் என்பது ஒரு பொருளின் உடைமையை விலைக்கு மாற்றித் தருவது என்கிறது. விலை என்பது பணம். பணம் இல்லையென்றால் அது விற்பனை இல்லை, அன்பளிப்பு. முனீஸ்வரனுக்குப் படைக்கும் பீருக்கு லைசென்ஸ் வேண்டுமா என்று விடுதியில் ஒரு நண்பர் என்னைக் கேட்டார். கேலிக்குக் கேட்டாலும் நல்ல உதாரணம். சாமியும் காசு கொடுப்பதில்லை, பூசாரியும் விலை கேட்பதில்லை.

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவர்களுக்கு இங்கு ஒரு சிறு தடுமாற்றம் ஏற்படும். கொடுத்தலைப் பற்றி நம் மொழிக்கு இருக்கும் நுணுக்கம் அவ்வளவு. கேட்பவன் தாழ்ந்தவனானால் ‘ஈ’, ஒத்தவனானால் ‘தா’, உயர்ந்தவனானால் ‘கொடு’ என்று தொல்காப்பியரே பிரித்துவைத்தார். யார், யாரிடம் கேட்கிறார் என்பதுதான் அங்கே அளவுகோல். ஆனால் ஐந்தாம் படிவ வணிகப் பாடத்தில் நாம் மலாயில் படித்த ‘ஜுவல் பெலி’யில் உறவுக்கு இடமில்லை. பணம் கை மாறியதா என்பதே கேள்வி. நம் கடைக்காரர் ‘கொடுக்கிறேன்’ என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது முதல் கணக்கு. அமலாக்க அதிகாரி பார்ப்பது இரண்டாவது கணக்கு.

சரி, பணம் நேரடியாக அந்த டின்னுக்குக் கொடுக்கப்படவில்லை, முடி வெட்டியதற்குத்தான் கொடுக்கப்பட்டது. அப்போது? இங்கேதான் வகுப்பில் படித்த ஒரு வழக்கு எனக்குக் கைகொடுத்தது.

1970-இல் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியையொட்டி இங்கிலாந்தில் எஸ்ஸோ நிறுவனம் ஒரு விளம்பரத் திட்டம் நடத்தியது. நான்கு காலன் பெட்ரோல் போட்டால், இங்கிலாந்து ஆட்டக்காரர் ஒருவரின் முகம் பொறித்த நாணயம் ஒன்று இலவசம். மொத்தம் 30 ஆட்டக்காரர்கள். முழுத் தொகுப்பையும் சேர்க்கப் பிள்ளைகள் அப்பாமார்களை நச்சரித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். பிரிட்டிஷ் சுங்கத் துறை விடவில்லை. இந்த நாணயங்கள் விற்பனைக்காகவே செய்யப்பட்டவை, வரி கட்டு என்றது. வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை வரை சென்றது. 1975-இல் ஐந்து நீதிபதிகளில் நால்வர் எஸ்ஸோ பக்கம் தீர்ப்பளித்தனர். ஆனால் அந்த நால்வரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. இருவர், இத்தனை அற்பமான ஒரு பொருளில் சட்டபூர்வமான ஒப்பந்தம் செய்யும் எண்ணமே யாருக்கும் இல்லை என்றனர். மற்ற இருவர், ஒப்பந்தம் இருக்கிறது, பெட்ரோல் போட்டவருக்கு நாணயத்தைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது, ஆயினும் நாணயத்திற்காக அவர் கொடுத்தது பணமன்று, பெட்ரோல் வாங்கிய செயல்தான், ஆகவே இது விற்பனையாகாது என்றனர். ஐந்தாமவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆக, எஸ்ஸோ வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு ‘முடி வெட்டினால் பீர் இலவசம்’ என்பதைக் காப்பாற்றிவிடலாமா? நானும் முதலில் அத்தை மகனிடம் அப்படிச் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். சொல்லவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, அந்த வழக்கு வரியைப் பற்றியது. பொது நலனுக்காக மதுவைக் கட்டுப்படுத்தும் உரிமச் சட்டத்தை நீதிமன்றம் அதே கண்ணால் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாசல் வழியாகக் கூடாது என்று சட்டம் சொன்னதைச் சன்னல் வழியாகச் செய்கிறார்களா என்றும் நீதிபதி பார்ப்பார். இரண்டாவது, பொம்மை நாணயம் அற்பம் என்று சொன்ன நீதிபதி ஒரு போத்தல் விஸ்கியை அற்பம் என்று சொல்வாரா?

இதை நம் கடைகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். இருபது ஆண்டு வாடிக்கையாளர் தீபாவளி வாழ்த்துச் சொல்ல வருகிறார், அன்று முடிகூட வெட்டிக்கொள்ளவில்லை, கடைக்காரர் ஒரு டின்னை நீட்டுகிறார். இதை அன்பளிப்பு என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. அடுத்த கடையில் முடி வெட்ட 20 வெள்ளி, இந்தக் கடையில் ‘பீருடன்’ 30 வெள்ளி என்றால், அந்த 10 வெள்ளி எதற்கு என்று குழந்தையும் சொல்லும். ‘நான்கு பேர் செட் 120 வெள்ளி, போத்தல் இலவசம்’ என்பதும் அப்படியே. போத்தல் வேண்டாம் என்றால் விலை குறையுமா என்று வாடிக்கையாளர் கேட்டு, ‘சரி அண்ணே, பத்து வெள்ளி குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று கடைக்காரர் சொல்லிவிட்டால், போத்தலுக்கு விலை உண்டு என்பதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். நடுவில் இருப்பதுதான் சங்கடமான நிலை. விலை ஏறவில்லை, ஆனால் காசு கொடுத்து முடி வெட்டிக்கொள்பவருக்கு மட்டுமே பீர். இங்கே இரு பக்கமும் வாதிடலாம். வாதிடலாம் என்பதன் பொருள், வழக்கறிஞருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது. மாதம் வாடகை கட்டவே திணறும் சிறு கடைக்கு அதுவே தண்டனைதான்.

விளம்பரம் செய்தால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கொடுக்கும் எண்ணமே இல்லாமல் இலவசம் என்று அறிவிப்பது 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். முகநூலில் ‘பீர் இலவசம்’ என்று போட்டுவிட்டு, கேட்டு வருபவரிடம் ‘அது சும்மா ஆளைக் கூப்பிடப் போட்டது’ என்று சொல்லவும் முடியாது. கொடுத்தால் ஒரு சட்டம், கொடுக்காவிட்டால் இன்னொரு சட்டம்!

இலவசம் என்ற சொல் காப்பாற்றாத இடங்கள்

விற்பனையா, அன்பளிப்பா என்ற வாதத்தில் கடைக்காரர் வென்றுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த டின் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நிற்கிறது. வரி கட்டாத மதுவை வைத்திருப்பதே குற்றம். விற்றிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கலால் சட்டமும் 1967-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமும் இதில் கடுமையானவை. இலவசமாகக் கொடுப்பவர் செலவைக் குறைக்கத்தான் பார்ப்பார், அதனால் மலிவான சரக்கைத் தேடுவார் என்பதே இதிலுள்ள பொறி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2016 மார்ச் முதல் பீருக்கான கலால் வரி, அதிலுள்ள தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி. 320 மி.லி. டின்னில் 5 விழுக்காடு ஆல்கஹால் என்றால் 16 மி.லி. அதற்கு வரி 2 வெள்ளி 80 சென். 2025 நவம்பர் 1 முதல் இந்த வரி 10 விழுக்காடு உயர்ந்தது. ஆக, ஒரு டின்னுக்கு 3 வெள்ளி 8 சென். இது கலால் வரி மட்டும். விற்பனை வரி, ஆலைச் செலவு, ஏற்றுக்கூலி, கடைக்காரர் இலாபம் எல்லாம் இதற்கு மேல். எனவே லோரியில் கொண்டுவந்து ‘டின் நாலு வெள்ளி, பெட்டியாக எடுத்தால் இன்னும் குறையும்’ என்று ஒருவர் சொன்னால், அவர் யாருடைய வரியைக் கழித்துவிட்டு அந்த விலை சொல்கிறார் என்று யோசிக்க வேண்டும். அவர் போய்விடுவார். பெட்டி நம் கடைப் பின்னறையில் இருக்கும்.

மலிவுச் சரக்கின் ஆபத்து வரியோடு முடிவதில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் அந்நியத் தொழிலாளர்கள். மெத்தனாலுக்கும் நாம் குடிக்கும் மதுவிலுள்ள எத்தனாலுக்கும் வாசனையிலும் சுவையிலும் வேறுபாடு காண்பது கடினம். உடலுக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. முதலில் பார்வை மங்கும். நல்ல மனத்தோடு கொடுத்த கடைக்காரரும் சரக்கைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருக்கலாம் என்பதுதான் இதில் அச்சமூட்டுவது. நம் சமுதாயத்திற்குச் சம்சு புதிதல்ல. தோட்டப்புறங்களில் சிறு போத்தல் சம்சு செய்த நாசத்தை நம் பெற்றோர் கண்ணால் கண்டவர்கள். கலவைக் கடும் மதுவை 700 மி.லி.க்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் விற்க வேண்டும் என்று உணவு ஒழுங்குமுறை விதிகளில் பின்னர்ச் சேர்க்கப்பட்டதை அந்த அனுபவத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஐந்தாறு வெள்ளிக்குக் கைக்கடக்கமாகக் கிடைக்கக் கூடாது என்பது அதன் பயன்.

அதே உணவு விதிகளின்படி, 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 18-இலிருந்து 21-ஆக உயர்ந்தது. கல்லூரி மாணவர்கள் நிறைய வரும் முடிதிருத்தும் கடையில் யார் இருபது, யார் இருபத்திரண்டு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எனக்கு 22 வயது. இன்னமும் அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். இந்த விதியும் விற்பனையைப் பற்றியதுதான், எனக்கு இது பொருந்தாது என்று கடைக்காரர் சொல்லலாம். பத்தொன்பது வயதுப் பையனின் தாய் காவல் நிலையத்தில் வந்து நிற்கும்போது அந்த இலக்கணம் எவ்வளவு தூரம் எடுபடும் என்பது வேறு.

நம் கடைகளுக்கு எல்லா இனத்தவரும் வருகிறார்கள். முஸ்லிம் ஒருவர் மது அருந்துவது, கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1997-ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டத்தின்படி 3,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். அச்சட்டம் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது. ஆனால் ‘எல்லாருக்கும் இலவசம்’ என்று பலகை மாட்டிய கடைக்குள் சமய இலாகா அதிகாரிகள் நுழைந்தால், அந்தக் கடைக்கு அந்த வட்டாரத்தில் என்ன பெயர் மிஞ்சும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு மோட்டார் சைக்கிள். 2020 அக்டோபர் 23 முதல், 100 மி.லி. இரத்தத்தில் இருக்கக்கூடிய ஆல்கஹாலின் அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைந்தது. வரம்பை மீறி ஓட்டினால் முதல் தடவையே 30,000 வெள்ளி வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் விதிக்கலாம். உயிரிழப்பு ஏற்படுத்தினால் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை. ஒரு டின்னில் எல்லாருக்கும் வரம்பு தாண்டிவிடாது. ஆனால் வெறும் வயிற்றோடு மதிய வெயிலில் வந்து, பேச்சுச் சுவாரசியத்தில் இரண்டாவதையும் உடைத்துவிட்டு, கூட்டரசு நெடுஞ்சாலையில் வீடு திரும்புகிறவர் என்ன ஆவார்?

பிற நாடுகளில்

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டு நேராகப் பதில் எழுதிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2016-இல் ஒரு சட்டம் இயற்றி, 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்குள்ள அழகு நிலையங்களும் முடிதிருத்தும் கடைகளும் மது உரிமம் இன்றியே வாடிக்கையாளருக்கு மது தரலாம். ஆனால் பீர் என்றால் சுமார் 355 மி.லி., வைன் என்றால் சுமார் 177 மி.லி., அதற்கு மேல் கூடாது. கூடுதல் கட்டணம் கூடாது. இரவு 10 மணிக்குமேல் கூடாது. அதற்கு முன்பே இந்தச் சலுகை வாடகை லிமோசின் வண்டிகளுக்கும், வெப்பக் காற்றுப் பலூனில் ஏற்றிச் செல்வோருக்கும் இருந்ததாம். பலூன்காரருக்கு இருப்பது நமக்கு ஏன் இல்லை என்று முடிதிருத்துபவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

சிங்கப்பூர் எதிர்த் திசையில் சென்றது. 2013 டிசம்பர் 8-இல் அங்குள்ள லிட்டல் இந்தியாவில் கலவரம் நடந்தது. அதன் பின்னர் 2015-இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘வழங்கல்’ என்ற சொல்லும் ‘அருந்துதல்’ என்ற சொல்லும் இருக்கின்றன. ‘விற்பனை’ என்று மட்டும் நிற்கவில்லை. பொது இடங்களில் இரவு 10.30-க்குமேல் காலை 7 மணி வரை அருந்தவும் தடை வந்தது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் சில்லறை மது விற்பனையே அரசின் டாஸ்மாக் கையில். 2023 ஏப்ரலில் மண்டபங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் விருந்தினருக்கு மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று விதி வந்தது. திருமண மண்டபத்திலுமா என்று எதிர்ப்பு எழுந்ததும் திருமண மண்டபம் மட்டும் நீக்கப்பட்டது. அங்கே விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுப்பதற்கே உரிமம் தேவை. காசு வாங்கினாயா என்பது இரண்டாவது கேள்வி.

கலிபோர்னியா வழி நமக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம். அங்குள்ள வாடிக்கையாளர் கூட்டமும் இங்குள்ளதும் ஒன்றல்ல. ஆனால் அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும். ஆம் அல்லது இல்லை என்று எழுதிவிட்டால் சிறு வணிகர் பிழைத்துக்கொள்வார். தெளிவில்லாத இடத்தில் அமலாக்க அதிகாரியின் அன்றைய மனநிலையே சட்டமாகிவிடுகிறது.

கள்ளுக்கடை நினைவு

மது உரிமம் என்பது மலேசியத் தமிழருக்கு வெறும் காகிதமாக ஒருநாளும் இருந்ததில்லை. காலனி ஆட்சியில் தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. உழைத்தவன் கூலியில் ஒரு பங்கு அதே தோட்டத்துக்குள் கள்ளுக்காகத் திரும்பியது. 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னணியில் நிற்க, கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, வெள்ளைக்காரத் துரை முன் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். போருக்குப் பின் கெடாவில் ஏ.எம். சாமி அமைத்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதல் மூண்டு அங்கும் உயிர் போயிற்று.

நாம் முடிதிருத்தும் கடை பின்னறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் 1941 எதற்கு என்று சிலர் கேட்கலாம். அன்று நாம் உரிமத்தின் அந்தப் பக்கம் நின்றோம், வாங்கிக் குடிக்கும் பக்கம். இன்று நம்மில் பலர் கல்லாப்பெட்டியின் பக்கம் நிற்கிறோம். கடை வாடகை ஒப்பந்தமும் கடனும் நம் பெயரில் இருக்கின்றன. முடிதிருத்தும் கடைகளும் ஜவுளிக் கடைகளும் பொற்கொல்லர் பட்டறைகளும் ஆள் பற்றாக்குறையால் தவித்து, 2023-இல்தான் மீண்டும் அந்நியத் தொழிலாளரை எடுக்க அனுமதி பெற்றன. அப்படி அனுமதி பெற்று ஆள் எடுத்த கடையில் ஓர் அதிகாரி கால் வைத்தால், அவர் பார்ப்பது ஐஸ் பெட்டியை மட்டுமாக இருக்காது.

அத்தை மகனுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். கிள்ளானில் என்றால் மாவட்ட அலுவலகத்தில் உள்ள உரிமப் பிரிவுக்கும், வணிக உரிமத்தைத் தரும் மாநகர் மன்றத்துக்கும் தனித்தனியே கடிதம் எழுது. பிரிக்பீல்ட்ஸ் என்றால் இரண்டுக்குமே கோலாலம்பூர் மாநகர் மன்றம்தான். வாய்மொழியாக முகப்பில் கேட்டுவிட்டு வராதே. இன்று சரி என்று சொன்னவர் நாளை வேறு பிரிவுக்கு மாற்றலாகியிருப்பார். கடிதத்தில் நான்கு செய்தி இருக்க வேண்டும்: கடையின் உரிமம் எந்தத் தொழிலுக்கு, கொடுக்க நினைப்பது பீரா வேறு மதுவா, காசு கட்டுபவருக்கு மட்டுமா எல்லாருக்குமா, எந்த நேரத்தில். பதில் வந்தால் அதன் நகலைக் கடையிலேயே வை. சரக்கை உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்து. பதில் வரும்வரை தே கொடு, காப்பி கொடு, நீர்மோர் கொடு.

‘மோருக்கு யார் வருவார்கள்?’ என்று கேட்டான். முடி நன்றாக வெட்டினால் வருவார்கள் என்றேன்.